பழைய காருக்கு ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ: காசை வீணாக்காமல் வாங்குவது எப்படி?

என்னுடையது 2012 மாடல் ஹேட்ச்பேக். வாங்கும்போது அதில் ஒரு ரேடியோ, ஒரு சிடி பிளேயர், வெளிக் கருவியை வயரில் இணைக்க ஒரு ஆக்ஸ் துளை, அவ்வளவுதான். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன வருடத்தில் வீட்டிலிருந்து எந்த நேரமும் போன் வரும், எடுக்காமல் இருக்க முடியாது. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி ஓடும் அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் ஓரம் கட்டவும் முடியாது. அப்போதுதான் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி தேட ஆரம்பித்தேன்.

நான்கு மாதத்தில் மூன்று கருவிகள் வாங்கினேன். முதல் இரண்டுக்கும் கொடுத்த 1,550 ரூபாய் வீண். மூன்றாவதாக வாங்கியதைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். பிறகு மச்சான் தன் காருக்கு ஸ்டீரியோவையே மாற்றியபோது கூடவே இருந்து அந்த வேலையையும் பார்த்தேன். நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: நமக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம். எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் கேட்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அவர் "என்ன? கேட்கலை, கேட்கலை" என்று இரண்டு முறை சொன்னால், கை தானாகவே போனை எடுத்துக் காதில் வைத்துவிடும். அப்புறம் அந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

இதில் சொல்லியிருக்கும் விலைகள் நான் கடைகளிலும் இணையத்திலும் விசாரித்தபோது கிடைத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பார்க்காமலேயே கடைக்குப் போகிறவர்கள் நிறைய. செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். ஸ்டீயரிங்கில் அல்லது ஸ்டீரியோவில் போன் படம் போட்ட பொத்தான் இருக்கிறதா? மேலே, உள்விளக்கின் பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றனவா? அங்கேதான் பெரும்பாலும் மைக் இருக்கும். இரண்டும் இருந்தால் காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வசதி இருக்கிறது, யாரும் போனை அதோடு இணைக்கவில்லை, அதாவது "பேர்" (pair) செய்யவில்லை என்று அர்த்தம்.

ஒரு பொறி உண்டு. ஸ்டீரியோவில் "ப்ளூடூத்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சில மலிவு ஸ்டீரியோக்களில் ப்ளூடூத் வழியாகப் பாட்டு மட்டும்தான் வரும். அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும், பேச்சு போனிலேயே கேட்கும். போனை பேர் செய்த பிறகு, போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தச் சாதனத்தின் அமைப்பைத் திறந்து பாருங்கள். "போன் அழைப்புகள்", "மீடியா ஆடியோ" என்று தனித்தனியாக இருக்கும். அழைப்புக்கான வரியே இல்லையென்றால் அது பாட்டுக்கு மட்டுமான ஸ்டீரியோ.

2. சட்டம் என்ன சொல்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொலைத்தொடர்புக் கருவியை ஆபத்தான ஓட்டுதலின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி அதே குற்றம் செய்தால் அபராதம் 10,000 ரூபாய், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கைபேசியை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி.

ஆகவே, ஒரு கையில் போனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாலும் போன் கையில்தான் இருக்கிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றால் உண்மையிலேயே கை அதைத் தொடக்கூடாது. இரண்டு காதிலும் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு ஓட்டுவதையும் நான் சொல்ல மாட்டேன். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரனும், இடப்பக்கம் நுழையும் பைக்கின் ஹாரனும் காதில் விழ வேண்டும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. யார் கூப்பிடுகிறார்கள் என்று மூன்று வினாடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். கருவி தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். பார்க்காமலே தடவி அழுத்தக்கூடிய ஒரே ஒரு பெரிய பொத்தான் உள்ள கருவிதான் நல்லது. எட்டு சின்னப் பொத்தான்கள் இருந்தால், ஒவ்வொரு முறையும் கண் அங்கே போகும்.

3. எந்த வகை உங்களுக்குப் பொருந்தும்

கடையில் "ப்ளூடூத் கிட்" என்று கேட்டால் நான்கு வேறு வேறு சாமான்களைக் காட்டுவார்கள். நான்கும் ஒன்றல்ல.

*எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்.* சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது. 600 முதல் 2,000 ரூபாய் வரை. போனிலிருந்து ப்ளூடூத்தில் வாங்கி, எஃப்.எம். அலைவரிசையில் அனுப்பும், உங்கள் கார் ரேடியோ அதைப் பிடிக்கும். நான் முதலில் வாங்கியது இதுதான், 900 ரூபாய். மூன்று குறைகள். ஒன்று, சென்னை மாதிரி ஊரில் 93.5, 98.3, 106.4 என்று வானொலி நிலையங்கள் வரிசையாக இருப்பதால் காலி அலைவரிசை கிடைப்பது கடினம். ஓர் இடத்தில் காலியாக இருந்தது இன்னோர் இடத்தில் இரையும். இரண்டு, மைக் அந்தக் கருவியிலேயே, கியர் பக்கத்தில், உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று அடி தூரம், நடுவில் ஏசி காற்று. மூன்று, இதை யாரும் சொல்வதில்லை: எதிர்முனையில் பேசுபவரின் குரல் எஃப்.எம்.மில்தான் போகிறது. சிக்னலில் உங்கள் பக்கத்தில் நிற்கும் காரின் ரேடியோ அதே அலைவரிசையில் இருந்தால் அவருக்கும் அது கேட்கலாம். மருத்துவர் அப்பாவின் பரிசோதனை முடிவைச் சொல்லிக்கொண்டிருந்த நாளில்தான் எனக்கு இது உறைத்தது. காரில் ஆக்ஸ் துளையே இல்லை, பட்ஜெட் ஆயிரத்துக்குள்தான், பாட்டு கேட்பதுதான் முக்கியம் என்றால் மட்டும் இதை வாங்குங்கள்.

*ஆக்ஸ் ரிசீவர்.* 300 முதல் 1,000 ரூபாய். தீப்பெட்டி அளவு. 3.5 மி.மீ. ஆக்ஸ் துளையில் செருக வேண்டும். பாட்டுக்கு எஃப்.எம்.மை விட எவ்வளவோ மேல், இரைச்சலே இருக்காது. அழைப்புக்கு? மைக் அந்தத் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. ஆக்ஸ் துளை கியர் கன்சோலில் இருந்தால் கதை முடிந்தது. ஒரு மீட்டர் ஆக்ஸ் வயர் போட்டு ரிசீவரை ஸ்டீயரிங் பக்கம் கொண்டுவந்து ஒட்டினால் ஓரளவு தேறும். நான் 650 ரூபாய்க்கு வாங்கியது இப்போது வீட்டில் பழைய ஸ்பீக்கரில் வேலை செய்கிறது.

இதில் இன்னொரு தொல்லையும் வரும். ரிசீவரைக் கார் சார்ஜரிலேயே போட்டுக்கொண்டு ஆக்ஸிலும் செருகினால், ஸ்பீக்கரில் "ஙீ...ங்" என்று ஓர் ஓசை வரும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஓசையும் ஏறும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரமும் ஒலியும் இரண்டு வழியில் ஒரே எர்த்தைச் சேர்வதால், ஆல்டர்னேட்டரின் இரைச்சல் உள்ளே நுழைகிறது. சார்ஜரைக் கழற்றி, ரிசீவரை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் அதேதான். "கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்" என்று 200 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன இணைப்பை ஆக்ஸ் வயரின் நடுவில் போட்டால் சரியாகிவிடும்.

*சன்வைசரில் மாட்டும் ஸ்பீக்கர்போன்.* பிராண்டைப் பொறுத்து 2,500 முதல் 6,000 ரூபாய் வரை, சில அதற்கு மேலும். சொந்த ஸ்பீக்கர், சொந்த மைக், சொந்த பேட்டரி. வெயில் மறைக்கும் தட்டில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். மைக் உங்கள் நெற்றிக்கு நேரே இருக்கும். காரில் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டாம், வேறு காருக்கும் எடுத்துப் போகலாம். நான் கடைசியில் 3,400 ரூபாய்க்கு வாங்கியது இதைத்தான். குறை என்னவென்றால் பாட்டு கேட்க இது லாயக்கில்லை, சின்ன ஸ்பீக்கர். சார்ஜ் போட மறந்தால் அவசரத்தில் காலை வாரிவிடும்.

*ஸ்டீரியோவையே மாற்றுவது.* ப்ளூடூத் உள்ள, வெளி மைக்குடன் வரும் சிங்கிள் டின் (உயரம் குறைந்த அளவு) ஸ்டீரியோ, பெயர் தெரிந்த பிராண்டில் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. தொடுதிரை வேண்டுமென்றால் விலை 20,000 தாண்டியும் போகும். பொருத்துக் கூலி 500 முதல் 1,500. வெளி மைக்கைச் சரியான இடத்தில் வைத்தால் நான்கில் இதுதான் சிறந்தது. அழைப்பு வந்தால் பாட்டு தானாக நிற்கும், பேசி முடித்ததும் தொடரும். காரை இன்னும் நான்கைந்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் இந்தச் செலவு நியாயம். அடுத்த வருடம் விற்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், சன்வைசர் கருவி போதும்.

வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரிப் வரும் போன் ஒன்று, சொந்த போன் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு போனோடும் இணைந்திருக்கும் "மல்டிபாயின்ட்" வசதி உங்களுக்குக் கட்டாயம். "எட்டு போன் வரை பேர் செய்யலாம்" என்று பெட்டியில் போட்டிருப்பது வேறு. அது எட்டு போனை நினைவில் வைத்திருக்கும் என்றுதான் அர்த்தம், இரண்டை ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் என்று அல்ல.

4. பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்

பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ப்ளூடூத் 5.0, 5.3 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அழைப்பின் தெளிவை அந்த எண் தீர்மானிப்பதில்லை. நீங்கள் தேட வேண்டியது "எச்.எஃப்.பி." என்ற மூன்று எழுத்து, அதன் பக்கத்தில் 1.6 அல்லது அதற்கு மேல் ஒரு எண். அழைப்புகளைக் கையாளும் முறைக்குத்தான் அந்தப் பெயர். 1.6 முதல்தான் "எச்.டி. வாய்ஸ்" எனப்படும் அகன்ற குரல் வந்தது. பழைய முறையில் குரல் வினாடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்கப்பட்டது, இதில் 16,000 முறை. ச, ஷ, ஃப போன்ற ஒலிகள் மழுங்காமல் போவது இதனால்தான். மருந்துப் பெயர், கதவு எண், வங்கி எண் எல்லாம் தவறாமல் போய்ச் சேர இது வேண்டும். உங்கள் போனும் நெட்வொர்க்கும் ஒத்துழைத்தால்தான் முழுப் பலன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டுக்கான முறையின் பெயர் "ஏ2டிபி". பெட்டியில் அது மட்டும் இருந்து எச்.எஃப்.பி. இல்லையென்றால் அழைப்பு வராது. "பி.பி.ஏ.பி." இருந்தால் உங்கள் போன் புத்தகத்தைக் கருவி படித்துக்கொள்ளும், கூப்பிடுபவர் பெயரைச் சொல்லும் அல்லது காட்டும்.

அடுத்தது இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம். இந்த இரண்டு வார்த்தைகளும் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதை நம்பாமல் மைக் எத்தனை என்று பாருங்கள். இரண்டு மைக் உள்ளவை சாலை இரைச்சலைப் பிரித்தறிவதில் ஒரு மைக் உள்ளவற்றை விடப் பொதுவாக மேல். இணையத்தில் விமர்சனம் படித்தால் "சவுண்டு சூப்பர்" என்பதைத் தள்ளிவிட்டு, "எதிர்ப்பக்கம் கேட்கவில்லை என்கிறார்கள்" என்ற வரியைத் தேடுங்கள். நான் படித்தவரை, அந்த ஒரு புகார் மறுபடி மறுபடி வந்த எந்தக் கருவியும் சரியாக வேலை செய்யும் என்று தோன்றவில்லை.

பேட்டரி உள்ள கருவியில் பேசும் நேரம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நல்லது. கதவு திறந்த அதிர்வில் தானாக விழித்துக்கொள்வதும், நீங்கள் இறங்கிப் போனதும் தானாக அணைவதும் இருந்தால் கூட ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம். ஏறி உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றால் பாதி நாள் மறந்துவிடுவீர்கள்.

5. எங்கே வாங்குவது, என்னென்ன காகிதம் வாங்குவது

சென்னையில் என்றால் கார் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு, சின்ன எலக்ட்ரானிக் சாமான்களுக்கு ரிச்சி தெரு. மற்ற ஊர்களில் பெரிய கார் ஆக்சஸரீஸ் கடை ஒன்றாவது இருக்கும். கடையில் வாங்குவதன் பெரிய வசதி, உங்கள் காரிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்கக் கேட்கலாம். ஸ்டீரியோ மாற்றுவதென்றால் கடைதான் சரி.

இணையத்தில் விலை குறையும். ஆனால் திருப்பி எடுக்கும் கெடு பெரும்பாலும் 7 முதல் 10 நாள்தான். அதிலும் பல எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் பணம் திரும்பாது, அதே பொருளை மாற்றித் தருவது மட்டும்தான். இதை வாங்குவதற்கு முன்பே, பொருளின் பக்கத்தில் திருப்பும் கொள்கையைத் திறந்து படியுங்கள். என் ஆக்ஸ் ரிசீவரில் நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். பொருள் கெட்டுப்போகவில்லை, எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதனால் திருப்ப முடியவில்லை.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் இவை:

- ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில். அதில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதியிருக்க வேண்டும். "கார் ஆக்சஸரீஸ் - 1" என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.
- வாரன்டி அட்டை, கடை முத்திரையும் தேதியும் போட்டு. சில பிராண்டுகளில் இணையத்தில் பதிவு செய்தால்தான் வாரன்டி தொடங்கும். அதற்குக் கெடுவும் இருக்கும், வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.
- பெட்டி. தூக்கிப்போடாதீர்கள். எம்.ஆர்.பி., இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அதில்தான் இருக்கும். இவை எதுவும் அச்சாகாத பெட்டி என்றால் அந்தப் பொருளே வேண்டாம். பழுதானால் கேட்க ஆள் இருக்காது.

பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த பில் ஆறேழு மாதத்தில் வெளுத்துவிடும், வாரன்டியோ ஒரு வருடம். கடையோ நிறுவனமோ கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடும்போது பில் கையில் இருக்கட்டும்.

ஸ்டீரியோ மாற்றுபவர்களுக்கு இன்னொரு காகித வேலை உண்டு, இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கம்பெனியிலிருந்து வராத மின்னணுச் சாமான் உங்கள் இன்சூரன்ஸில் தானாகச் சேராது. பில்லைக் காட்டி, ஐ.எம்.டி. 24 என்ற சேர்க்கையின் கீழ் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பிரீமியம் பொருளின் மதிப்பில் 4 சதவீதம். 12,000 ரூபாய் ஸ்டீரியோவுக்கு வருடம் 480 ரூபாய், வரி தனி. புதுப்பிக்கும் நேரத்தில் சேர்த்தால் சுலபம்.

6. ஸ்டீரியோ மாற்றுகிறீர்கள் என்றால்

முதலில் அளவு. சிங்கிள் டின் என்பது 180-க்கு 50 மி.மீ., டபுள் டின் 180-க்கு 100 மி.மீ. உங்கள் கார் டேஷ்போர்டில் எந்தத் துளை என்று பார்த்து, தேவைப்பட்டால் உங்கள் மாடலுக்கான ஃபிரேமையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் பெரும்பாலும் ஃபிரேம், கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி), கூலி எதுவும் சேர்ந்திருக்காது. மூன்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

அடுத்தது கப்ளர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் போட்டால், பழைய வயரை வெட்டாமலே புதிய ஸ்டீரியோவைச் செருகலாம். "அதெல்லாம் தேவையில்லை சார், கட் பண்ணி ஜாயின்ட் போட்டு டேப் சுத்திடலாம்" என்பார்கள். நூறு இருநூறு ரூபாய் மிச்சமாகும். ஆனால் சென்னை வெயிலில் டேப்பின் பசை உருகிக் கழன்றால் ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. கார் வாரன்டியில் இருந்தால், வெட்டிய வயரைக் காரணம் காட்டி மின்பழுதுக்கான வாரன்டியை மறுக்கவும் வழி இருக்கிறது.

வேலை நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்புக்கு, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் இணைப்புக்கு, கறுப்பு எர்த். வேலையைச் சீக்கிரம் முடிக்க மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ முழுமையாக அணையாது. இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும். முடிந்ததும் சாவியை எடுத்துப் பாருங்கள், ஸ்டீரியோ தானாக அணைய வேண்டும். மறுபடி சாவி போட்டால் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் இணைப்பு சரி.

மைக் எங்கே வைப்பது என்பதை மெக்கானிக்கிடம் விடாமல் நீங்களே சொல்லுங்கள். சன்வைசரின் விளிம்பு, அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள மூடியின் மேல், உங்கள் வாயைப் பார்த்தபடி. ஏசி காற்று நேராகப் படும் இடம் கூடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் கூடாது. கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக வயர் கொண்டுபோனால், உங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் விரியும் பாதையில் வயரோ, ஒட்டிய சாமானோ இருக்கக் கூடாது. போன் ஹோல்டருக்கும் இதே விதிதான்.

நேரம்: கப்ளரும் ஃபிரேமும் தயாராக இருந்தால் ஒன்றரை மணி நேரம். கடையில் இல்லாமல் வரவழைத்தால் இரண்டு மூன்று நாள். மச்சான் காருக்கு மூன்று நாள் ஆனது. அதுவரை டேஷ்போர்டைக் கழற்ற விடாமல், சாமான் வந்த பிறகே வண்டியைக் கொண்டுபோனோம்.

7. போனில் செய்ய வேண்டியவை

வண்டி நிற்கும்போது செய்யுங்கள், பத்து நிமிட வேலை. பேர் செய்யும்போது எண் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. "தொடர்புகளைப் பகிரவா?" என்று போன் கேட்கும்போது அவசரத்தில் "வேண்டாம்" என்று அழுத்தினால், பிறகு பெயருக்குப் பதில் எண்தான் வரும். பேர் செய்ததை அழித்து மறுபடி செய்தால் சரியாகும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. "ஒவ்வொரு முறையும் கேள்" என்று அமைத்திருந்தால், காரிலிருந்து கூப்பிடும்போது எந்த சிம் என்று போன் திரையில் கேட்டுக்கொண்டு நிற்கும். கருவியில் சத்தமே வராது. என்ன ஆயிற்று என்று போனைக் கையில் எடுப்பீர்கள். அமைப்புகளுக்குப் போய் அழைப்புக்கு ஒரு சிம்மை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

பேசியே கூப்பிடுவதென்றால், கருவியின் சொந்தக் குரல் கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். போனில் உள்ள குரல் உதவியாளரை (அசிஸ்டன்ட்) பயன்படுத்துங்கள். போனில் பெயர்களை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். "குமார் எலக்ட்ரீசியன்", "குமார் ஆபீஸ்", "குமார் புது நம்பர்" என்று மூன்று குமார் இருந்தால் அது திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். அடிக்கடி கூப்பிடும் ஐந்தாறு பேருக்காவது ஒன்றுக்கொன்று குழம்பாத பெயர் வையுங்கள்.

8. முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்

திருப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைத்து நான்கு முறை பேசுங்கள்: வண்டி நிற்கும்போது, ஏசியை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, 60-ல் போகும்போது. ஒவ்வொரு முறையும் ஒரு பத்து இலக்க எண்ணைச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "கேட்குதா?" என்றால் எல்லோரும் "கேட்குது" என்றுதான் சொல்வார்கள். எண்ணைச் சரியாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. கண்ணாடி இறக்கியபோது எந்தக் கருவியும் தடுமாறும், அதை மன்னிக்கலாம். கண்ணாடி ஏற்றி, ஏசி நடுத்தரத்தில் இருக்கும்போது எண் தப்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பையும் தனியாகச் சோதியுங்கள். சாதாரண அழைப்பைப் பொத்தானில் எடுக்கும் சில கருவிகள், வாட்ஸ்அப் அழைப்பை எடுப்பதில் முரண்டு பிடிக்கும்.

எதிர்முனையில் இருப்பவர் "என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது" என்றால், உங்கள் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் போகிறது. ஸ்பீக்கர் ஒலியைப் பாதிக்குக் குறையுங்கள், மைக்கைத் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே போய்விடும்.

9. வெயில்

வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரிக்கு மேலும் சூடு ஏறும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது, சார்ஜ் ஏற்றுவது வழக்கமாக 45 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். சன்வைசர் கருவியை வண்டி நிறுத்தும்போது கழற்றி கிளவ் பாக்ஸில் போடுங்கள், கோடையில் கையோடு எடுத்துப் போங்கள். சார்ஜ் போடுவதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நான் ஞாயிற்றுக்கிழமை இரவு போடுகிறேன், வாரம் முழுக்கப் போதுகிறது.

10. காரை விற்கும் முன்

ஸ்டீரியோவில் உங்கள் போன் புத்தகம் முழுதும், கூப்பிட்ட எண்களும் தங்கியிருக்கும். மச்சானின் ஸ்டீரியோவை மாற்றியபோது, கழற்றிய பழைய ஸ்டீரியோவில் முந்தைய உரிமையாளரின் இருநூறுக்கும் மேற்பட்ட எண்கள், "அம்மா", "பாப்பா ஸ்கூல்" உட்பட அப்படியே இருந்தன. அமைப்புகளில் "ஃபேக்டரி ரீசெட்" கொடுங்கள், பிறகு மெனுவில் பேர் செய்த சாதனங்களின் பட்டியல் காலியா என்று திறந்து பாருங்கள். உங்கள் போனிலும் அந்தக் காரின் பெயரை நீக்கிவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போதும், டிரைவர் மாறும்போதும் பட்டியலில் தெரியாத போன் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து நீக்குங்கள்.